கணுக்காலில் நீலம்

இன்று காலை சின்னமனூர் ரோட்டில் ஓட்டப் பயிற்சியில் இருந்தேன். ஒரு திராட்சைப் பந்தலுக்குள் யாரோ டிரம்மில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை வந்ததும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு என் இடது கணுக்காலைக் குனிந்து பார்த்தேன். வெறும் கால்தான். உன் கை படாத காலில் நீலம் எங்கிருந்து வரும்?

நீ பகலெல்லாம் பந்தலுக்கு அந்த நீல மருந்தை அடித்துவிட்டு, சாயங்காலம் நேராக அனுமந்தன்பட்டி மைதானத்துக்கு வந்து, பிடிகாரனாகக் கார்னரில் நிற்பாய். எத்தனை சோப்பு போட்டாலும் உன் விரலிடுக்கில் நீலம் போகாது. நான் கபடி பாடிக்கொண்டு உள்ளே வருவேன். காலை வீசி யாரையாவது தொட்டுவிட்டு நடுக்கோட்டுக்குத் திரும்ப வேண்டும். நீ விட மாட்டாய். இடது கணுக்காலை அமுக்கிப் பிடித்து மண்ணில் சாய்த்துவிடுவாய். எழுந்து பார்த்தால் விரல்கள் நீலமாகப் பதிந்திருக்கும். மாப்பிள்ளைக்குக் கொலுசு போட்டாச்சு என்று கூட ஆடுகிறவர்கள் சிரிப்பார்கள். எப்போதும் அதே காலை எப்படிப் பிடிக்கிறாய் என்று கேட்டால், "சொல்லிட்டா நாளைக்கு எனக்கு என்ன சோலி?" என்பாய். அப்போதே நீ அழுத்தக்காரன் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

எனக்கு யாரையும் சட்டென்று நம்ப வராது. கபடி லீக் அணியில் என்னை எடுத்தபோது ஊரே பிளெக்ஸ் வைத்தது. அதில் என் படத்தைவிடப் பெரிதாகத் தன் படத்தைப் போட்டுக்கொண்டவர் என்ன எதிர்பார்க்கிறார் என்றுதான் முதலில் யோசித்தேன். முதல் ஆட்டத்தில் வெளுத்து வாங்கினேன். அதோடு சரி. அடுத்து எந்த அணியோடு ஆடினாலும் கார்னரில் நிற்பவன் என் இடது கணுக்காலுக்கே வந்தான். சொல்லி வைத்த மாதிரி வந்தான். பிறகு என்னை வெளியே உட்கார வைத்துவிட்டார்கள். சீசன் முடிந்ததும் மேனேஜர் தோளில் கை போட்டு, அடுத்த கேம்பில் தேறாவிட்டால் ஊரிலேயே இருந்துகொள்ளலாம் என்று சிரித்தபடி சொன்னார்.

மதுரையிலிருந்து பஸ்ஸில் திரும்பினேன். ஆண்டிபட்டி வருவதற்குள் கணக்கு முடிந்துவிட்டது. என் காலின் சங்கதி தெரிந்தவன் உலகத்தில் ஒருத்தன்தான். அது நீ.

ஊரில் இறங்கியதும் உன் காலில் கிடந்த ஷூவைப் பார்த்தேன். நான் முதல் ஆட்டம் ஆடினேனே, அந்த எதிரணியின் கலர், அந்த அணியின் முத்திரை. அவ்வளவு நல்ல ஷூவைப் போட்டுக்கொண்டு நீ பந்தலுக்கு மருந்தடித்துக்கொண்டிருந்தாய். திமிரைப் பார் என்று நினைத்தேன். எங்கே கிடைத்தது என்று கேட்டேன். சீசனுக்கு முன்னால் அவர்கள் நடத்திய செலக்‌ஷனுக்குப் போனதாகவும் அங்கன குடுத்தாக என்றும் சொன்னாய். எதற்குக் கொடுத்தார்கள் என்றேன். "விளையாடுனதுக்கு" என்றாய். விளையாட்டுக்கு மட்டும் யாரும் ஷூ கொடுப்பார்களா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் ஏன் போனாய்?

ஆனாலும் உன்னோடுதான் பயிற்சி செய்தேன். ஊரில் வேறு பிடிகாரன் இல்லை. புதிதாகப் பழகியதை உன் கண்ணில் காட்டாமல் பழைய ஆட்டத்தையே ஆடினேன். நீயும் சளைக்காமல் கொலுசு போட்டாய். ஒருநாள் மண்ணிலிருந்து எழுந்ததும் பொறுக்க முடியாமல் கேட்டேன்.

"என் காலைப் பத்தி எவன்கிட்ட சொன்ன?"

நீ மோட்டார் தொட்டியில் கை கழுவிக்கொண்டிருந்தாய். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"இடது காலை வீசுறதுக்கு முன்னாடி இடுப்புக் கயித்தைத் தொடுற. டிவியில பெருசா காட்டுறாக. இதை நான் வேற சொல்லணுமாக்கும்?"

வீரபாண்டிக் கோயிலில் அம்மா கட்டிவிட்ட கறுப்புக் கயிறு அது. அதைத் தொடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது. இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். சொன்னால் நம்பியிருப்பாயா என்று கேட்டாய். ஆனால் நான் விடவில்லை. செலக்‌ஷனில் என்னைப் பற்றிக் கேட்டார்களா என்றேன்.

"கேட்டாக."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, வந்துட்டேன்."

அந்தப் பதிலைப் பல நாள் மென்றுகொண்டிருந்தேன். மறைக்கிறவன்தான் இப்படிப் பேசுவான் என்று தோன்றியது. விடியற்காலையில் தனியாகப் போய், கயிற்றைத் தொட்டுவிட்டு வலது காலை வீசப் பழகினேன். ஒருநாள் நீ முதுகில் ஸ்பிரேயரோடு வந்து நின்று பார்த்தாய். ஸ்பிரேயரை இறக்கி வைத்துவிட்டுக் கார்னரில் போய் நின்றாய். கயிற்றைத் தொட்டேன், வலது காலை வீசினேன், உன்னைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். முதல் தடவையாக நீ என்னைப் பிடிக்கவில்லை. வேண்டுமென்றே விட்டாய் என்று அதையும் சந்தேகப்பட்டேன்.

அந்த வாரமே பந்தலிலிருந்து திரும்பும்போது உன் பைக்கில் லாரி மோதியது. ஆஸ்பத்திரியில் துணியை விலக்கிக் காட்டியபோது உன் கையில் நீலம் அப்படியே இருந்தது. நான் அழுதேன். அழும்போதும் அந்த ‘அப்புறம்’ உள்ளே அரித்துக்கொண்டேதான் இருந்தது.

கேம்பில் தேறினேன். இந்த சீசனிலும் முதல் ஆட்டம் உனக்கு ஷூ கொடுத்த அதே அணியோடு. சரியாக ஆடாவிட்டால் அடுத்த ஆட்டத்தில் என்னை வெளியே உட்கார வைப்பார்கள் என்று தெரியும். அவர்களுடைய கார்னர் கடலூர்ப் பக்கத்து ஆள், என்னைவிட மூத்தவர். கயிற்றைத் தொட்டேன். அவர் கண் சட்டென்று என் இடது காலுக்குப் போனது. வலது காலை வீசினேன். அன்று முழுக்க அவரால் என்னைப் பிடிக்க முடியவில்லை.

ஆட்டம் முடிந்து கை கொடுக்க வந்தவர் உன்னைப் பற்றிக் கேட்டார். நீ இல்லை என்றேன். கொடுத்த கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

"நல்ல பிடிகாரன் தம்பி. அவனை எடுத்தாச்சு, ஷூவும் குடுத்தாச்சு. கோச் உன்னைப் பத்திக் கேட்டப்ப, வலது காலைப் பாருங்கன்னு சொன்னான். நாங்களும் நம்பி வலது காலையே பார்த்தோம். போன வருஷம் எங்களை நீ என்ன பாடு படுத்தின! பொய் சொல்லிட்டான்னு, கேம்பில இருந்த அவனை அன்னைக்கு ராத்திரியே ஊருக்கு அனுப்பிட்டாங்க."

இளக வைப்பதற்காகச் சொல்கிறாரோ என்றுதான் முதலில் தோன்றியது. அவரோடு மறுபடியும் மோத வேண்டியிருக்கிறது. ஆனால் அந்த ஒரு வருடத்தில் நான் உருப்படியாக ஆடியது அவர்களோடு ஆடிய அந்த ஒரே ஆட்டம்தான். என் திறமை என்று நான் நினைத்துக்கொண்டிருந்த ஆட்டம் அது.

சொல்லியிருக்கலாமே, மாப்ள. நம்பியிருக்க மாட்டேன்தான். ஆனாலும் சொல்லியிருக்கலாம்.

அவரை நான் இன்னும் முழுதாக நம்பவில்லை. கோச்சையும் மேனேஜரையும் நம்பவில்லை. உன்னை நம்புகிறேன், உனக்குப் பிரயோசனமில்லாத நேரத்தில். ஒவ்வொரு ஆட்டத்திலும் கயிற்றைத் தொட்டுவிட்டு வலது காலை வீசுகிறேன். அன்று அங்கே நீ என்னைப் பற்றிச் சொன்னது பொய். இப்போது அது உண்மை.