பெரியண்ணரின் குதிரைப்படை

என் ஆசைச் சின்னண்ணா,

உங்கள் முப்பத்தோராம் நாள் நினைவு மலர் அச்சுக்குப் போகிறது. தேவாரங்களுக்குப் பிறகு, நீங்கள் படுக்கையிலிருந்தே எழுதி முடித்த கட்டுரையைச் சேர்த்திருக்கிறேன்: பிற்கால ரோமரின் சேமக் குதிரைப்படை. செத்தவீட்டு மலரில் ரோமனுக்கு என்ன வேலை என்று எங்கள் டூங்கபியில் கேட்காத ஆளில்லை. கேட்கட்டும்.

முன்னுரை பெரியண்ணர், மெல்பேர்னிலிருந்து. கலியாண வீடென்றால் மாப்பிள்ளையாகவும் செத்தவீடென்றால் பிணமாகவும் இருக்க நினைக்கிற மனுசன். கட்டுரையின் தலைப்பை மட்டும் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறார்: "என் தம்பிக்குப் பின்னால் நான் என்றும் சேமக் குதிரைப்படையாக நின்றேன்."

முதலில் சிரித்தேன். பிறகு உங்கள் கட்டுரையை மறுபடி எடுத்து வாசித்தேன்.

நீங்கள் எழுதியது வேறல்லவா? எல்லைக் கோட்டைகளில் அடிவாங்கி நிற்பவர்கள் எளிய காவலர். எதிரி உடைத்துக்கொண்டு உள்ளே வந்தால் பாய்ந்து வந்து மறிக்கத்தான் பின்னால் சேமித்து வைத்த குதிரைப்படை. நல்ல ஏற்பாடுதான். ஆனால் பேரரசர்களுக்குத் தங்கள் அரச கதிரையைப் பற்றியும் பயம். நல்ல குதிரைகளைத் தங்களோடேயே வைத்துக்கொண்டார்கள். படை வந்து சேர்வதற்குள் ஊர் எரிந்துபோன நாட்களும் உண்டு. பின்னால் நிற்பது குற்றமில்லை, நேரத்துக்கு வராததுதான் குற்றம் என்று முடித்திருந்தீர்கள்.

"தேவையெண்டா ஒரு கோல் அடி, அடுத்த பிளைட்டிலை நிப்பன்" என்றவர் இவர். நீங்கள் படுக்கையில் விழுந்ததும் அடித்தோம்; வரவில்லை. அங்கே கோயில் கொடியேற்றம், தலைவரான அவர் இல்லாமல் நடக்குமா? செத்தவீட்டுக்குக் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்து, எல்லாரையும்விட நீளமாகப் பேசினார்.

நேற்று யாரோ கட்டுரையை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார்கள். உடனே எனக்குக் கோல் அடித்தார்.

"பிள்ளை, அதை எடுத்துப்போட்டு இன்னொரு தேவாரம் போடு. தம்பி என்னைத்தான் சொல்லுறான் எண்டு சனம் நினைக்கும்."

"ஏன் அப்பிடி நினைக்கினம், பெரியண்ணை?"



"அப்ப என்ரை முன்னுரையை மாத்தித் தாறன்."

"வேண்டாம். அது நல்லாத்தான் இருக்கு."

அவரை நினைத்து நீங்கள் எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். பரமட்டாப் பக்க ஆஸ்பத்திரியில், கதவு திறந்தபோதெல்லாம் "பெரியண்ணை வந்திட்டாரோ?" என்றுதானே கேட்டீர்கள். அப்படியொருவருக்காக ஏன் காத்திருந்தீர்கள், சின்னண்ணா?

உங்கள் கட்டுரையில் ஒரு வரியும் குறையாது. அவருடைய முன்னுரையிலும் ஒரு எழுத்து மாறாது. நீங்கள் கதவைப் பார்த்துக் கேட்டதை அவருக்கு இன்னும் நான் சொல்லவில்லை. முப்பத்தொன்றன்று, மலரை அவர் கையில் கொடுத்துவிட்டு, சபைக்கு முன்னால் சொல்லுவேன்.

உங்களோடு கடைசிவரை நின்ற தங்கச்சி,
பவானி