மூடிய கைக்கு அடியில் ஒரு விடை

மாடி வீட்டில் காப்பிக்கொட்டை அரைக்கிறார்கள். அந்தக் கைமிஷின் சத்தம் கேட்டால் இன்றைக்கும் நான் செய்கிற வேலையை விட்டுவிடுகிறேன். வாசனைக்காக இல்லை, உனக்குத் தெரியும். காது தானாகச் சுற்றுகளை எண்ணத் தொடங்கிவிடும். அடுத்து மணி அடிக்கும் என்று காத்திருக்கும். காப்பி மிஷினில் ஏது மணி? அவர்கள் அரைத்து முடித்து உள்ளே போய்விடுகிறார்கள். நான் மட்டும் நிற்கிறேன்.

நம் புள்ளியியல் துறையில் இருந்தது ஒரே ஒரு கணக்கு மிஷின். யுத்த காலம், கப்பலில் இன்னொன்று வர வழியில்லை. ஆயுள் காப்பீட்டுக்கு இறப்பு அட்டவணை போடும் வேலை ஆராய்ச்சி மாணவிகளான நம் இருவர் தலையில். எந்த வயதில் எத்தனை பேருக்கு எத்தனை பேர் இறக்கிறார்கள் என்று வயது வயதாக வகுத்துக்கொண்டே போக வேண்டும். கைப்பிடியைச் சுற்றச் சுற்ற மிஷின் கழித்துக்கொண்டே வரும். அளவுக்கு மீறிக் கழித்துவிட்டால் மணி அடிக்கும். உடனே ஒரு சுற்றுப் பின்னால் வர வேண்டும். மிஞ்சிய சுற்றுகள்தான் விடையில் ஓர் இலக்கம்.

"இன்னாமா, காலையிலருந்து சுத்திக்கினே கீறீங்க. காப்பித் தூள் எங்க?" என்று பியூன் கேட்டதற்கு நீ சிரித்த சிரிப்பு கடற்கரைச் சாலை வரை கேட்டிருக்கும்.

ஒரே கணக்கை இருவரும் தனித்தனியாகப் போட வேண்டும் என்பது துறையின் வழக்கம். நீ சுற்றும்போது நான் ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நிற்பேன். நான் சுற்றும்போது நீ. விடை எழுதிய துண்டுத்தாள் கடற்காற்றில் பறக்காமல் இருக்க உள்ளங்கையால் மூடிக்கொள்வோம். அதுவே பிறகு ஒரு விளையாட்டாகிவிட்டது. "எடுடி கையை" என்று நீ சொன்னால்தான் எடுக்க வேண்டும்.

உன் அண்ணா சாயங்காலம் சைக்கிளில் உன்னை அழைத்துப்போக வருவார். கீழே நின்று ஒரு தடவை மணி அடிப்பார், அவ்வளவுதான். ஒரு நாள் நீ கடைசி இலக்கத்தில் இருந்தபோது அந்த மணி கேட்டது. மிஷின் மணிதான் என்று உன் கை பழக்கதோஷத்தில் ஒரு சுற்றுப் பின்னால் வந்துவிட்டது. முதுகைக் காட்டி நின்ற நான் உன் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருந்தேன். "அண்ணா வந்துட்டான், சீக்கிரம் போடுடி, ஆத்துல தேடிண்டிருப்பா" என்று நீ அவசரப்படுத்த, என் கையும் உன் கை நின்ற இடத்திலேயே நின்றது. மிஷின் மணியே அடிக்காமல் ஒரு சுற்றுப் பின்னால் வந்தது. கைகளை எடுத்துப் பார்த்தால் ஒரே விடை. உனக்கு ஏக சந்தோஷம்.

அந்த வயதுக்கு மட்டும் இறப்பு குறைந்து நின்றது. "இந்த ஒரு வயசுல மட்டும் யமன் லீவு போட்டுட்டானா?" என்றார் சரிபார்த்த விரிவுரையாளர். நடந்ததைச் சொன்னதும் அவரும் சிரித்தார். ஆனாலும் மறுநாளிலிருந்து உனக்குக் காலை, எனக்கு மாலை என்று பிரித்துவிட்டார். இரண்டு பேர் போட்டால்தானே இரண்டு விடை. நாம் எப்போதோ ஒருத்தியாகிவிட்டிருந்தோம். அவர் செய்தது சரி என்று இப்போதும் சொல்வேன். அன்றைக்கு லஸ் வரை டிராமில் அழுதுகொண்டுதான் வந்தேன்.

அதன்பின் மாலையில் நான் போய் உட்காரும்போது, நீ எப்போதும் வாயில் அடக்கும் கிராம்பின் வாசனை மட்டும் அறையில் இருக்கும். உன்னைப் பார்ப்பது சனிக்கிழமைதான். வாரத்தின் விடைகளையெல்லாம் வாசித்து ஒப்பிட்ட முதல் சனிக்கிழமை, எல்லாம் ஒத்துப்போனதும் நீ சொன்னாய்: "இப்பதான்டி நிஜமா ஒத்துப்போறது. ஒட்டிண்டே இருந்தா அது கணக்கில்லை."

பிறகு நீ பம்பாயில் காப்பீட்டுக் கம்பெனி வேலைக்குப் போனாய். உன் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை வருஷமும் இருந்தேன். போன ஆடியில், நீ காலமானதாக உன் மகன் எழுதிய கார்டு வந்தது. உன் வயது எனக்குத் தெரியும். அந்த வயதுக்கான வகுத்தலை நாம் இருவரும் தனித்தனியாகப் போட்டிருக்கிறோம். அதில் தவறே இல்லை. அங்கேயும் ஒரு சைக்கிள் மணி அடித்திருக்கக் கூடாதா?

எங்கள் பங்குக் கோயிலில் உனக்காகப் பூசை ஒப்புக்கொடுக்கச் சொன்னேன். சாமியார் உன் பெயரைத் தப்பாக வாசித்தார். நீ இருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய். உன்னைப் பார்க்க வேண்டும்போல் இருக்கிறது, வேறு எப்படிச் சொல்வது?

மிஷின் சத்தம் நின்றதும், செய்தித்தாள் ஓரத்தில் சும்மா ஒரு வகுத்தல் போட்டேன். போட்டு முடித்ததும் இடது கை தானாகப் போய் விடையை மூடிக்கொண்டது. காற்றே இல்லை, தாள் பறக்காது. விடை சரி என்றும் தெரியும். ஆனாலும் மூடியபடியே வைத்திருக்கிறேன். நீ சொல்லாமல் எப்படியடி எடுப்பேன்?