பட்டு வேட்டிக்கு வந்த டம்ளர்

தொம்மலூர்,
12.1.1998

அன்புள்ள உங்களுக்கு,

மெட்ராஸிலிருந்து வரும்போதெல்லாம், "வீடா இது, குடோனா?" என்று கேட்பீர்கள். போகிக்கு முன்பே எல்லாவற்றையும் ஒழித்துவிட்டேன்.

ஆபீஸ் விழாவுக்கென்று நீங்கள் அனுப்பச் சொன்ன கோட்டையும் நம் கல்யாணப் பட்டு வேட்டியையும் எடுத்தேன். கோட்டுப் பையில் ஒரு கல்யாணப் பத்திரிகை இருந்தது. தை இருபதில் முகூர்த்தம், மாப்பிள்ளை நீங்கள்.

கோட்டு, வேட்டி இரண்டையும் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவளிடம் போட்டேன். "ஜரிகை கறுத்துப் போச்சுக்கா, ஒரு டம்ளர்தான் வரும்" என்றாள். நான் பேரம் பேசவில்லை.

டம்ளரில் நம் இருவர் பெயரையும் நம் கல்யாணத் தேதியையும் வெட்டி வாங்கினேன். பால் பழம் கொடுக்க உதவும்.

பத்திரிகையில் பெண் வீட்டு விலாசம் தெளிவாக இருந்தது. பெண்ணின் அப்பா பெயருக்கு டம்ளரை இன்று காலையிலேயே ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
இன்னும் உங்கள் மனைவி