விரலுக்குக் கீழே ஓர் உயிர்

ஜொகூர் பாரு
12-3-1936

அன்புள்ள தவமணிக்கு,

உமது கடிதம் கிடைத்தது. பிள்ளை உடம்பு பிரட்டிக் குப்புறக் கிடக்கத் தொடங்கிவிட்டாளாம். அதைப் பார்க்க நான் அங்கே இல்லையே என்பதுதான் மனக்குறை. மோட்டார் சைக்கிளை விற்றால்தான் தாய்வீட்டை விட்டு வருவேன் என்று மறுபடியும் எழுதியிருக்கிறீர். ரோட்டு ஓவர்சியர் வேலையை அது இல்லாமல் நான் எப்படிப் பார்ப்பது? மாமாவையே கேட்டுப் பாரும்.

ஒரு புதினம் சொல்ல வேண்டும். மோட்டார் சைக்கிள் ஓட்டும் அரசாங்க ஊழியர்களுக்கு ஆஸ்பத்திரியில் முதலுதவி பழக்குகிறார்கள். பக்கத்தில் நிற்பவரின் நாடியைத் தேடச் சொன்னார் டாக்டர். எனக்கு அகப்பட்டது ஒரு மலாய்ப் போலீஸ்காரரின் கை. மீசை வைத்த பெரிய மனிதர்களெல்லாம் ஒருவர் கையை ஒருவர் பிடித்தபடி கண்ணை மூடி நிற்கிறார்கள். மண்டபத்தில் மூச்சுச் சத்தம் தவிர வேறில்லை. திடீரென்று அவர் நாடி என் விரலில் தட்டியது. இன்னொரு மனிதன் உயிரோடு இருப்பதை நான் அப்படித் தொட்டு அறிந்ததில்லை, தவமணி.

பிள்ளைக்கு என் முத்தங்கள்.

உமது
சாம்பசிவம்

சிம்பாங் ரெங்கம்
17-3-1936

அன்புள்ள அத்தானுக்கு,

நாடி பார்க்கப் பழகுவது நல்லதுதான். ஆனால் விழுந்து கிடப்பவர் தன் நாடியைத் தானே பார்ப்பாரா? ரத்தினம் அண்ணாவும் நன்றாக ஓட்டத் தெரிந்தவர்தான். பத்து பஹாட் ரோட்டில் அவர் விழுந்தபோது சுற்றி ஒரு கூட்டமே நின்றதாம். யாரோ வாயில் சோடா ஊற்றினாராம். மற்றவர்கள் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். பெற்ற மகனை அப்படிக் கொடுத்த அம்மாவின் பக்கத்தில் இருந்துகொண்டு இதை எழுதுகிறேன். என்னையும் அப்படி ஆக்கிவிடாதீர்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள்.

தவமணிதேவி

ஜொகூர் பாரு
2-4-1936

அன்புள்ள தவமணிக்கு,

கை இன்னும் என் வசப்படவில்லை. எழுத்துக் கோணலைப் பொறுத்துக்கொள்ளும்.

நேற்றுக் காலை குலாய்க்கு அப்பால் ஒரு வளைவில் அர்ச்சுனன் விழுந்து கிடந்தான். இங்கிருந்து குளுவாங் தியேட்டருக்கு மோட்டார் சைக்கிளில் சினிமாப் படப்பெட்டி கொண்டுபோகிறவன். தொடையில் ஆழமான வெட்டு. இரத்தம் வழியவில்லை, நெஞ்சு அடிக்கும் தாளத்துக்கு எட்டிப் பாய்ந்தது. தோட்டத்து ஆட்கள் ஓடிவந்து அவனைத் தூக்கி உட்காரவைக்கப் பார்த்தார்கள்.

"தூக்காதீங்க, படுக்கட்டும்" என்றேன்.

தொடை இடுப்போடு சேரும் மடிப்பில் டாக்டர் காட்டிய இடத்தில் இரண்டு பெருவிரலையும் வைத்து அழுத்தினேன். ஒன்றும் ஆகவில்லை. கொஞ்சம் உள்ளே நகர்த்தி எலும்போடு சேர்த்து அழுத்தினேன். இரத்தம் நின்றுவிட்டது. என் விரலுக்குக் கீழே நாடி முட்டிக்கொண்டே இருந்தது.

"விட்டுடாதீங்க சார்" என்றான்.

"விட மாட்டேன்."

"படப்பெட்டி உடைஞ்சிருச்சா சார்?"

"அது கிடக்கட்டும்லா. நீ பேசிக்கிட்டே இரு."

ஓர் அன்னாசி லாரி வந்தது. சீன டிரைவர் ஒரு வார்த்தை கேட்காமல் பழங்களை ரோட்டோரம் தள்ளிவிட்டு இடம் செய்தார். கையை எடுக்காமலே நானும் ஏறினேன். ஆஸ்பத்திரியில் டாக்டர் தன் கையை வைத்த பிறகுதான் என் கையை எடுத்தேன். விரல்கள் விரியவில்லை, நர்ஸ் ஒவ்வொன்றாக நீட்டிவிட்டார்.

அர்ச்சுனன் பிழைத்துக்கொண்டான். இத்தனை பெரிய காரியம் இத்தனை சின்ன இடத்தில் இருக்கிறது என்பதை என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

சாம்பசிவம்

சிம்பாங் ரெங்கம்
6-4-1936

அத்தான்,

உங்கள் கடிதத்தை எடுத்து எடுத்துப் படிக்கிறேன். அம்மாவிடம் காட்டவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன். அண்ணாவுக்கும் தொடையில்தான் அடி. கொஞ்ச நேரம் பேசிக்கொண்டும் இருந்தாராம். நின்ற கூட்டத்தில் ஒருவருக்காவது இந்த இடம் தெரிந்திருந்தால்?

ஆறுதலுக்காக எதையும் எழுத வேண்டாம்.

தவமணி

ஜொகூர் பாரு
14-4-1936

அன்புள்ள தவமணிக்கு,

உடனே பதில் எழுத எனக்குத் துணிவு வரவில்லை. டாக்டரிடம் போய்க் கேட்டேன். காயத்தைப் பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது, ஆனால் பேசும் அளவுக்கு நேரம் இருந்திருந்தால் பிழைத்திருக்கக் கூடும் என்றார். இதை மறைத்துவிட்டு உம் முகத்தில் விழிக்க என்னால் முடியாது.

அங்கே நின்றவர்கள் மீது கோபம் கொள்ளாதேயும். இந்தப் பயிற்சிக்கு முன்னால் நானும் அப்படித்தான் நின்றிருப்பேன்.

வண்டியை விற்கச் சொன்னால் விற்றுவிடுகிறேன். மேசை வேலை ஏதாவது கேட்டுப் பார்க்கலாம். நீரே சொல்லும்.

சாம்பசிவம்

சிம்பாங் ரெங்கம்
20-4-1936

அன்புள்ள அத்தானுக்கு,

இரண்டு கடிதங்களையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். அழுவார் என்று பயந்திருந்தேன். அழவில்லை.

"எந்த இடமெண்டு காட்டு பிள்ளை" என்றார்.

நீங்கள் எழுதியபடி காட்டினேன். சேலைக்கு மேலாகவே விரலை வைத்து, தன் உடம்பில் தானே தேடினார். விரலை அங்கே இங்கே நகர்த்தினார். பிறகு அசையாமல் இருந்துவிட்டார்.

"இந்தா, அடிக்குது" என்றார். கோயிலில் திரை விலகும்போது இருக்கும் முகம் அது. "இவ்வளவு கிட்டத்திலையோ இருந்தது" என்று மட்டும் சொன்னார்.

மறுநாளே அப்பாவைப் பிடித்து, எங்கள் தோட்டத்து லாரி டிரைவர்களுக்கும் கங்காணிமாருக்கும் இதைப் பழக்க வேண்டுமென்று துரையிடம் கேட்க வைத்துவிட்டார். துரை சம்மதித்துவிட்டார். உங்கள் டாக்டர் வருவாரா என்று விசாரித்து வாருங்கள்.

வண்டியை விற்க வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை வந்து எங்களைக் கூட்டிப்போங்கள். ஆனால் கொஞ்சம் நேரத்தோடு வரவேண்டும். பெண்கள் இதை உங்களிடம் பழகக் கூடாதா என்று கேட்டு, அம்மா பக்கத்து வீட்டுக்காரர்களையும் வரச் சொல்லியிருக்கிறார்.

உங்கள்
தவமணி