கரைக்காற்று கேட்கிற தூரம்

கருக்களாச்சேரி,
சித்திரை 12.

அன்புள்ள தம்பி கவியரசனுக்கு அப்பா அம்பலவாணன் எழுதுவது. இங்கே எனக்கும் பாரதிப்ரியாவுக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் வழக்கம்போல் இருக்கிறது, மஸ்கட்டில் நீ வெயிலில் அலையாமல் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாக இருக்கிறாய் என்ற நினைப்பில்தான் இதைத் தொடங்குகிறேன். கையெழுத்தைப் பார்த்ததுமே தெரிந்திருக்கும், நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் உன் தங்கை. நான் ஒன்று சொன்னால் அதைப் புத்தகத்தில் வருவதுபோல் திருத்தி எழுதிவிட்டு வாசித்துக் காட்டுகிறாள், நானா இவ்வளவு நன்றாகப் பேசினேன் என்று எனக்கே சந்தேகமாக இருக்கிறது. போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். போனில் நீ அம்மாவிடம் அரை மணி நேரம் பேசுகிறாய், என் கைக்கு வந்தால் "சாப்ட்டியா", "சாப்ட்டேம்பா", "வேலை எப்படி", "போவுதுப்பா", அவ்வளவுதான், இரண்டு பேருக்கும் பேச்சு தீர்ந்துவிடுகிறது. இரண்டு வருஷமாக இப்படியே போகிறது. நம் ஊர் ரிஃபாய் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை அங்கே திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன், கூடவே அம்மா கட்டிய பொட்டலமும் வருகிறது.

மீன்பிடித் தடைக்காலம் தொடங்கிப் பத்து நாள் ஆகிறது, படகைக் கட்டிப் போட்டுவிட்டோம். அம்மா கருவாட்டுக் கூடையோடு வரிச்சிக்குடிப் பக்கம் போய்வருகிறாள், வேண்டாம் என்றால் கேட்பதில்லை. வீட்டில் கிடக்கிற எனக்கு ரேடியோதான் துணை, அந்தத் துணை இருக்கிற லட்சணத்தைக் கேள். நம் கரைக்காற்று எஃப்.எம். முன்பு போல் இல்லையடா. காலை ஆறு மணிக்குப் போட்ட பாட்டைப் பத்து மணிக்கும் போடுகிறான், இரண்டு மணிக்கும் போடுகிறான். புல்லாங்குழலில் தொடங்குமே ஒரு காதல் பாட்டு, அதை இப்போது நம் தெருக் கோழிகூடப் பாடும். நடுவில் நகைக்கடை, அப்புறம் ஜவுளிக்கடை, மறுபடி புல்லாங்குழல். பேசுவதற்கு ஆளே இல்லை, கம்ப்யூட்டரே பாட்டை எடுத்துப் போட்டுக்கொள்கிறதாம். அந்த நிலையம் வந்த புதிதில் நீ ஐந்தாம் வகுப்பு. "கடலுக்குப் போற அண்ணன்மாருங்களா, கொஞ்சம் காதக் குடுங்க" என்று ஒரு அம்மா காற்று எந்தப் பக்கம், அலை எவ்வளவு உயரம் என்று வாசிப்பார், அவர் குரலில் சளி பிடித்திருந்தால்கூட எங்களுக்குத் தெரியும். நீ போஸ்ட் கார்டில் எழுதிப் போட்டு உன் பெயரை அவர் வாசித்த அன்று அம்மா தெருவெல்லாம் சர்க்கரை கொடுத்தாள். அதிலிருந்து நான் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தால் அகப்பையை மைக்காகப் பிடித்துக்கொண்டு எதிரே வந்து நிற்பாய். "அடுத்த பாடலை விரும்பிக் கேட்டிருக்கும் நேயர்கள், வஞ்சிரம், கொடுவா, மத்தி மற்றும் குடும்பத்தார்" என்பாய், என்னோடு படகில் வருகிற கருப்பையன் சிரித்துச் சிரித்து வலை ஊசியைக் கையில் குத்திக்கொள்வான். அந்த நாட்கள் எல்லாம் இந்தப் பத்து நாளாக வரிசையாக வந்துகொண்டிருக்கின்றன, பழைய பாட்டுகளைக் கேட்க முடியாவிட்டாலும் நினைக்க முடிகிறது.

கடலில் அந்த ரேடியோ எனக்கு என்னவாக இருந்தது என்பது உனக்குத் தெரிந்ததுதான், தங்கைக்காகவும் சேர்த்துச் சொல்கிறேன். கோடியக்கரையைத் தாண்டித் தென்கிழக்கே போகப் போகக் கரைக்காற்று மெலியும், இரைச்சல் ஏறும், பிறகு அதே இடத்தில் இலங்கை நிலையம் ஒன்று தெளிவாகப் பேசத் தொடங்கும். அது பேசினால் படகைத் திருப்ப வேண்டும், எல்லை பக்கத்தில் என்று அர்த்தம். ஜி.பி.எஸ். பெட்டி வந்த பிறகும் பதினைந்து வருஷம் நான் பெட்டியை விட அந்தச் சத்தத்தைத்தான் நம்பினேன். அதனால்தான் இரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் பங்குனியில் நீ ரேடியோவை நிறுத்திவிட்டு உன் போன் பாட்டை ஸ்பீக்கரில் போட்டதை என்னால் பொறுக்க முடியவில்லை. "ஒரே பாட்டக் கேட்டுக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சுப்பா, ஒருநாளாவது வேற கேப்போமே" என்றாய், எனக்கும் உள்ளூரச் சலிப்புத்தான், சரி என்று விட்டேன். கொஞ்ச நேரத்தில் இலங்கை ரோந்துப் படகு நம்மை நோக்கி வந்ததும், கருப்பையன் வலையை அறுத்துவிட்டதும், வெறும் படகோடு தப்பி வந்ததும் உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. துறைமுகத்தில் அத்தனை பேர் நிற்க, "ரேடியோ ஓடியிருந்தா திரும்பியிருப்பேன், இவன் பாட்டுதான் என் வலையைத் தின்னுச்சு, இனிமே என் படகுல கால வைக்காத" என்று கத்தினேன். நீ திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு நடந்தாய். அடுத்த மாதம் துணிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு மஸ்கட்டுக்குப் போனாய். ஜி.பி.எஸ். பெட்டியில் அதற்கு முந்தின நாளே உப்புத் தண்ணீர் இறங்கி அது செத்துக் கிடந்தது, சரிசெய்யாமல் கடலுக்குக் கிளப்பியவன் நான்தான் என்பதை அன்று யாரிடமும் சொல்லவில்லை. இதை இப்போது எழுதும்போது உன் தங்கை நிமிர்ந்து என்னைப் பார்க்கிறாள், அவளுக்கும் இது பத்து நாள் முன்புதான் தெரியும்.

இனி நடந்ததைக் கொஞ்சம் அவளே எழுதட்டும், அது அவள் கண்டுபிடித்தது.

அண்ணா, நான் பாரதிப்ரியா. பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை முடிந்துவிட்டது, இயற்பியல் நன்றாக எழுதியிருக்கிறேன். நான் தை மாதத்திலிருந்து ஒரு நோட்டு வைத்திருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் நாலரை மணியிலிருந்து ஐந்தரை வரை கரைக்காற்றில் என்னென்ன பாட்டு வருகிறது என்று தேதியோடு எழுதுவேன், நிலையத்துக்குப் புகார் அனுப்புவதற்காக. ஐம்பது நாளில் புல்லாங்குழல் பாட்டு நாற்பத்து மூன்று முறை வந்திருந்தது. புகாரை அனுப்பினேன், அவர்கள் அதை வானொலியிலேயே வாசித்து, "நேயர்கள் கேக்குறதத்தானே போடுறோம் தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, அண்ணா நம்பு, உடனே புல்லாங்குழலைப் போட்டார்கள். அம்மா ஒரு வாரம் சிரித்தாள். ஆனால் நோட்டில் வேறொன்றும் இருந்தது. ஏழு நாட்களில் பாட்டுக்கு எதிரே "இலங்கை நிலையம் மேலே ஏறி வருகிறது" என்று எழுதியிருந்தேன், நான் நின்றதோ நம் மாடியில். ஓரத்தில் அன்றைக்குக் கடல் எப்படி என்றும் குறிப்பது என் வழக்கம். அந்த ஏழு நாளும் "காற்று இல்லை, கடல் எண்ணெய் ஊற்றியதுபோல்" என்றே இருந்தது. இயற்பியல் எடுக்கும் ஜெனிஷா டீச்சரிடம் கேட்டேன். கடலை ஒட்டிய காற்று குளிர்ந்து ஈரமாகவும் அதற்கு மேலே உள்ள காற்று சூடாகவும் அசையாமல் நின்றால் வானொலி அலை மேலே போகாமல் வளைந்து கடலோடு ஒட்டி வெகுதூரம் ஓடுமாம். அந்தப் பக்கத்து நிலையம் இங்கே வருகிறதென்றால் நம்முடையதும் அந்தப் பக்கம் போகும்தானே டீச்சர் என்றேன். போகும் என்றார். நோட்டை மூடிவிட்டு நேராக வீட்டுக்கு ஓடிவந்தேன், உன்னை நினைத்துக்கொண்டுதான் ஓடினேன்.

மறுபடி அப்பா. காற்றில்லாத நாளில் கரைக்காற்று எல்லைவரை கேட்கும் என்று அவள் வந்து சொன்னபோது நான் நம்பவில்லை. "பள்ளிக்கூடத்துப் பாடம்லாம் கடல்ல ஓடாதும்மா" என்று அனுப்பிவிட்டேன், அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, உன்னைப் போலவே. இந்த வருஷம் பங்குனி நடுவில் ஒரு பயணம் போனோம். விடிந்ததிலிருந்து இலைகூட அசையாத வெயில், கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய்போல் கிடந்தது, அவள் எழுதிவைத்திருந்த அதே வார்த்தைதான் என் நினைவுக்கு வந்தது. புது ஜி.பி.எஸ். பெட்டி வேலை செய்கிறது, ரேடியோவும் பாடுகிறது. கரைக்காற்று எப்போதும் செத்துப்போகிற இடம் வந்தது, சாகவில்லை. அதையும் தாண்டிப் போனோம், நகைக்கடை விளம்பரம் அடுப்படியில் கேட்பதுபோல் கேட்கிறது. கருப்பையன் பெட்டியை எட்டிப் பார்த்துவிட்டு, "மச்சான், ரேடியோ நம்ம வூட்டுத் திண்ணையிலயே ஒக்காந்துருக்கு, பொட்டி வேற கதை சொல்லுதே, இன்னும் ரெண்டு மைலுதான் எல்லை" என்றான். நான் படகைத் திருப்பினேன். திரும்பும்போது உன் நினைப்புதான். அந்தப் பங்குனி நாளும் இப்படித்தான் காற்றில்லாமல் கிடந்தது, எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, நீகூடச் சட்டையைக் கழற்றித் தலையில் கட்டியிருந்தாய். அன்று ரேடியோ ஓடியிருந்தாலும் இதே புல்லாங்குழல்தான் கேட்டிருக்கும், நான் இன்னும் தைரியமாக முன்னால் போயிருப்பேன். உன் பாட்டு எதையும் தின்னவில்லை தம்பி.

கரைக்கு வந்து அம்மாவிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு நாலு நாள் வீட்டிலேயே கிடந்தேன். அம்மாதான், "ஏங்க, ஊரு முன்னாடி திட்டுன வாய வூட்டுக்குள்ள வச்சுப் பூட்டிக்கிட்டா எப்படி, எங்க திட்டுனீங்களோ அங்க போய்ச் சொல்லுங்க" என்றாள். தடைக்காலம் தொடங்கிய அன்று எல்லாப் படகும் ஒன்றாகக் கட்டினோம், அன்றைக்கு நின்ற அதே ஆட்கள், இன்னும் நாலு பேர் கூடுதலாகவே இருந்தார்கள். நான் படகு முனையில் ஏறி நின்று, ஜி.பி.எஸ். கெட்டிருந்ததையும் சொன்னேன், ரேடியோ பொய் சொல்லும் நாள் உண்டு என்பதையும் சொன்னேன், என் மகன் மேல் தப்பில்லை, தெரியாமல் பேசியது நான் என்றும் சொன்னேன். பிறகு ராஜா, உன் கூட்டாளிதான், "இதச் சொல்ல ரெண்டு வருஷமா பெரியப்பா" என்றான். ஆமாம் என்றேன். இப்போது நாலைந்து படகுக்காரர்கள் சாயங்காலம் வந்து உன் தங்கையிடம் காற்றில்லாத நாள் எப்படி என்று கேட்டுப் போகிறார்கள், அவளும் டீச்சர் மாதிரி முதுகை நிமிர்த்திக்கொண்டு சொல்கிறாள்.

இவ்வளவும் எழுதியாயிற்று, நானும் பேசி முடித்துவிட்டேன் என்று எழுந்தேன். அவள் பேனாவை வைக்கவில்லை. "அப்பா, ஊருக்குச் சொன்னீங்க, அண்ணனுக்கு இன்னும் சொல்லலையே, அந்த வார்த்தைய எழுதட்டுமா" என்று கேட்டாள். நம் வீட்டில் அப்பன் மகனிடம் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை, என் அப்பா என்னிடம் சொன்னதில்லை, நான் எதிர்பார்த்ததும் இல்லை. அம்மா அடுப்படியில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள், அது எனக்குக் கேட்டது. எழுதும்மா என்றேன். என்னை மன்னித்துக்கொள் தம்பி.

அங்கே வேலை நன்றாக இருந்தால் இரு, நான் கூப்பிடுகிறேன் என்பதற்காக ஓடிவர வேண்டாம், வருகிற நாளில் படகு உன்னுடையது, அதற்கு யாரும் உத்தரவு தரத் தேவையில்லை. உப்பு அதிகம் சேர்க்காதே, தண்ணீர் நிறையக் குடி, கோபத்தைச் சாப்பாட்டில் காட்டாதே. பொட்டலத்தில் உள்ள நெத்திலிக் கருவாட்டை வந்ததும் வெயிலில் ஒரு தடவை காட்டிவிட்டு டப்பாவில் போடு, ரிஃபாய்க்குப் பாதி கொடு, மறக்காதே, அவன் அம்மா இங்கே நம் வீட்டுக்கு நோன்புக் கஞ்சி அனுப்புகிறவர்கள். உடம்பும் மனசும் தேறி, போகிற இடமெல்லாம் நல்லவர்கள் துணையாகக் கிடைத்து, நீ தீர்க்காயுசாக இருக்க அம்மாவும் நானும் கும்பிட்டுக்கொள்கிறோம்.

கையெழுத்து மட்டும் நானே போடுகிறேன், கோணலாக இருந்தாலும் இது என்னுடையது.

உன் அப்பா,
சு. அம்பலவாணன்