இறால் கறி கசிந்த நாள்

கடந்த சனிக்கிழமை வெள்ளவத்தையில் ஒரு பாத்திரக் கடையில் நின்றேன். வேலைக்குப் போகத் தொடங்கும் மகளுக்குச் சாப்பாட்டுப் பெட்டி வாங்க வேண்டும். ஒரு கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் திறந்ததும் புது ரப்பர் வாசம் எழுந்தது. மகள் விலை கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூடியைக் கையிலேயே வைத்திருந்தேன். நீ போய் இரண்டு வருடமாகிறது; அந்த வாசம் இன்னும் உன்னைத்தான் கொண்டுவருகிறது.

துறைமுகத்துக்கு அருகே ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் நமக்குப் பக்கத்துப் பக்கத்து மேசைகள். வெள்ளவத்தையில் ஓர் அறை எடுத்துத் தனியாக இருந்தாய். கொட்டாஞ்சேனையிலிருந்து வரும் நான் உனக்கும் சேர்த்துச் சோறு கட்டிக்கொண்டு வருவேன். உனக்கு இறால் மட்டும் ஆகாது. சிறு வயதில் ஒருமுறை மூச்சே நின்றுவிடப் பார்த்ததாம்.

அன்று என் வீட்டுக்காரர் பேலியகொடை மீன் சந்தையில் நல்ல இறால் வாங்கி வந்திருந்தார். எனக்கென்று கொஞ்சக் கறியைப் பழைய ஐஸ்கிரீம் பெட்டியில் எடுத்தேன். உன் சோறும் கத்தரிக்காயும் வேறொரு பிளாஸ்டிக் பெட்டியில். இரண்டும் ஒரே பைக்குள். பஸ்ஸிலிருந்து இறங்கியபோது பையின் அடி ஈரமாக இருந்தது. உன் பெட்டி மூடியைச் சுற்றிச் சிவப்பு எண்ணெய். திறந்து பார்த்தேன், சோறு வெள்ளையாகத்தான் தெரிந்தது. கடதாசியால் வெளிப்பக்கத்தைத் துடைத்தேன். மத்தியானம் பெட்டியை உன்னிடம் நீட்டியபோது ஒன்றும் சொல்லவில்லை. விடிய எழும்பிச் சமைத்தது வீணாகும் என்று நினைத்தேனா, என் கவனக்குறைவை மறைத்தேனா, இன்றும் தெரியவில்லை.

நாலைந்து வாய்தான். “தொண்டை ஒரு மாதிரி இறுக்குது,” என்றாய். கழுத்தெல்லாம் தடிப்பு. ஓட்டோவில் ஏற்றினேன். மருதானையில் வாகனங்கள் நகரவில்லை. உன் உதடு வீங்கி, மூச்சு இழுத்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாய்:

“சாப்பாட்டில றால் பட்டதோ?”

“இல்லை,” என்றேன்.

பொரளை ஆஸ்பத்திரியில், என்ன சாப்பிட்டாள் என்று டாக்டர் சிங்களத்தில் கேட்டார். நீ கண்ணை மூடிக் கிடந்தாய். “இஸ்ஸோ,” என்றேன். இறாலைச் சிங்களத்தில் சொன்னால் உனக்கு விளங்காது என்று நினைத்தேன் போலும். கொழும்பில் பதினைந்து வருடம் இருந்தவள் நீ. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாய். அதற்குள் ஊசியோடு வந்துவிட்டார்கள்.

பிழைத்து வந்தாய். ஒரு கிழமை என்னோடு கதைக்கவில்லை. மத்தியானங்களில் உன் மேசையில் பேக்கரியில் வாங்கிய ஒரு பணிஸ் மட்டும் இருக்கும். எட்டாம் நாள் வேலை முடிந்ததும் என் முன்னால் வந்து நின்றாய்.

“வா, பெட்டி வாங்கப் போவம்.”

புறக்கோட்டைக் கடையில் ஒவ்வொரு பெட்டியிலும் தண்ணீர் நிரப்பி, மூடி, உன் சேலைக்கு மேலேயே கவிழ்த்துப் பிடித்தாய். “மிஸ், நனையப் போறீங்க,” என்றார் கடைக்காரர். இரண்டு பெட்டிகள் ஒழுகின. நாலு பக்கமும் கொளுவும் கண்ணாடிப் பெட்டியை என்னிடம் தந்தாய். “மீன், றாலெல்லாம் இதில கொண்டு வா. ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவு.” உனக்கு எவர்சில்வர் பெட்டி ஒன்று, அதற்குத் தனிப் பை.

வெளியே வந்ததும், “ஒழுகினதுக்கு எனக்குக் கோவமில்லை,” என்றாய். “ஓட்டோவில இல்லையெண்டு சொன்னியே, அதுதான்.”

பஸ் வந்தது. ஏறும்போது, “நாளைக்கு என்ன கறி?” என்று கேட்டாய்.

மறுநாள் பருப்பும் பயிற்றங்காயும். பெட்டியை நீட்டினேன். என்னைப் பார்த்தபடியே முதல் வாயை வைத்து, மென்று, விழுங்கினாய். அதற்குப் பிறகு, சிறுநீரக நோய் உன்னைக் கொண்டுபோகும்வரை, ஒன்பது வருடம் என் சமையலைச் சாப்பிட்டாய். இடையில் இரண்டு தரம், “இண்டைக்கு இதைச் சாப்பிடாத, எனக்குச் சந்தேகமா இருக்கு,” என்று சொன்னேன். நீ ஏனென்று கேட்கவில்லை. எழுந்து போய் இரண்டு பேருக்கும் சாப்பாடு வாங்கி வந்தாய்.

இப்போதும் யாருக்குச் சோறு நீட்டினாலும், ஏதும் பிழை இருந்தால் அவர்கள் வாய் திறக்குமுன் நான் வாய் திறந்துவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் ஒருவர் இவ்வளவு லேசாக எழுந்து போய்ச் சாப்பாடு வாங்கி வருவார் என்று அந்த ஓட்டோவில் எனக்குத் தெரியாமல் போயிற்று.