இடி இடித்தால் பிளக்கை எடு

அக். 6, திங்கள்
காலையிலிருந்தே மூட்டம். போடிமெட்டு தெரியவில்லை. கம்ப்யூட்டர் ஃபேனில் தூசி துடைத்தாச்சு. ஏலக்காய் மூட்டை கிடக்கும் அறையில் வைத்தால் இப்படித்தான். அப்டேட் கேட்டது. 'பிறகு' என்று தள்ளிவிட்டேன். தள்ளிக்கொண்டே போனால் ஒருநாள் அதுவாக ஆரம்பித்துவிடும், ஆரம்பித்தால் முடிகிறவரை கரண்டை நிறுத்தக் கூடாது என்று கம்ப்யூட்டர் கடை முருகன் சொல்லியிருக்கிறான். சரி, பார்ப்போம்.

தொண்டை ஆபரேஷனில் குரல் போவதற்கு முன்னால் வீட்டுக்காரர் பேசிப் பதிந்ததெல்லாம் அதில்தான். பட்டனுக்கு ஒரு பேச்சு. 'ரபியா, தண்ணி கொண்டா.' 'வலிக்கிது.' 'வெரசா வா.' விலையைக் குறைத்துக் கேட்கும் ஆளைத் திட்ட ஒன்று. அதைத்தான் அதிகம் அமுக்குகிறார்.

அக். 8, புதன்
வெயில். பென் டிரைவ் வாங்கி வந்தேன், குரலைக் காப்பி எடுத்து வைக்க. தாளில் எழுதிக் காட்டினார்: 'நான் இன்னும் மவுத்தாகல.' சாவதற்கு முன்பே எதற்குக் காப்பி என்று கோபம். பேனா அழுத்தியதில் தாளே கிழிந்துவிட்டது. பென் டிரைவ் அலமாரிக்குள். பிடிவாதத்துக்கு மருந்து ஏது.

அக். 9, வியாழன்
சாயங்காலம் குரங்கணிப் பக்கம் மின்னல். பக்கத்து வீட்டு டிவி கருகியதிலிருந்து, இடிச் சத்தம் கேட்டால் தெருவே பிளக்கைப் பிடுங்க ஓடும். அதற்கும் ஒரு பட்டன் வைத்திருந்தார். நான் அடுப்படியில். உள்ளிருந்து குரல்:

"இடி இடிக்கிது. பிளக்கப் புடுங்கு."

ஓடிப்போய்ப் பிடுங்கினேன். இழுக்கும்போதுதான் திரையைப் பார்த்தேன். மூலையில் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தது.

மழை விட்டதும் போட்டால் கறுப்புத் திரை, வெள்ளை எழுத்து. இவர் ஒவ்வொரு பட்டனாக அமுக்கிக்கொண்டே இருந்தார். பார்க்க முடியவில்லை. மாவாட்டப் போய்விட்டேன்.

அக். 11, சனி
முருகன் கடை. "வேற கம்ப்யூட்டர்ல மாட்டியும் பாத்துட்டேன்க்கா. டிஸ்க்கே செத்துப்போச்சு." மதுரைக்கு அனுப்பிப் பார்க்கிறானாம்.

போனில் இவர் குரல் இருக்கிறதா என்று தேடினேன். வாய்ஸ் மெசேஜ் அனுப்புகிற ஆளா இவர்? எதுவானாலும் நேரில் கத்துவதுதான் பழக்கம். எவ்வளவு சலித்துக்கொண்டிருக்கிறேன் அந்தக் கத்தலுக்கு.

பால், புளி, இவர் மாத்திரை.

அக். 18, சனி
மதுரையிலும் கை விரித்துவிட்டார்கள். முருகன் புது டிஸ்க் மாட்டி எல்லாம் புதிதாகப் போட்டுக் கொடுத்தான். இனிமேல் ஒரு தொந்தரவும் வராதாம். டைப் அடித்தால் பேசுகிற ஒன்றும் அதில் இருக்கிறது. இவர் அடித்துப் பார்த்தார். யாரோ ஒரு பெண்பிள்ளை, "தண்ணீர் கொண்டு வரவும்" என்றாள். இவர் சத்தத்தை அணைத்துவிட்டுத் தானே எழுந்து போய்க் குடித்தார்.

அக். 21, செவ்வாய்
கம்ப்யூட்டர் நன்றாக ஓடுகிறது. ஒரு தடங்கல் இல்லை. அலமாரியில் பென் டிரைவ், கவர்கூடப் பிரிக்கவில்லை.

சாயங்காலம் பெரிய இடி. அடுப்படியில் இருந்தேன். குரல் வரட்டும் என்று நின்றுவிட்டேன், மறந்துபோய். பிறகு ஓடினேன். பிடுங்கிய பிளக்கைக் கையில் பிடித்தபடி இவர் நின்றுகொண்டிருந்தார்.